காத்திருந்தவர்களை வைத்து வென்ற பிரான்ச் ரிக்கி

பேஸ்பால் நம் நாட்டில் பரவலாக ஆடப்படும் விளையாட்டு அல்ல. ஆனால் அதன் தங்கை என்று சொல்லத்தக்க சாஃப்ட்பால் நம் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புதிதல்ல. ரவாங்கில் நான் படித்த பள்ளியிலும் ஒரு குழு இருந்தது. ஒன்பது பேர் திடலில் நிற்பார்கள். நான்கைந்து பேர் வேலியோரம் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பாராட்டும் திட்டும் அந்த ஒன்பது பேருக்குத்தான். வேலியோரம் இருந்தவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட வேலியோர ஆட்களைப் பற்றியே வாழ்நாளில் பாதிக்கு மேல் சிந்தித்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் பிரான்ச் ரிக்கி. கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனை, வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரிய லீக் பேஸ்பாலுக்குள் கொண்டுவந்தவர் என்றுதான் உலகம் இவரை நினைவில் வைத்திருக்கிறது. சரியான நினைவுதான். ஆனால் ராபின்சனைச் சந்திப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ரிக்கி அந்த விளையாட்டின் நிர்வாக முறையைத் தலைகீழாக மாற்றத் தொடங்கிவிட்டார். ஒரு குழு ஆண்டுக்கு ஆண்டு தோற்காமல் நிலைத்து நிற்க வேண்டுமானால், ஆடுகிறவர்களுக்குப் பின்னால் பல வரிசைகள் தயாராக இருக்க வேண்டும் என்று கண்டு, அதற்கென்று ஓர் அமைப்பையே கட்டியவர் அவர். அந்த அமைப்பால் யார் வென்றார்கள், யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதுதான் அவர் வாழ்க்கையில் என்னை ஈர்த்த பகுதி.

பேஸ்பாலில் மாற்று ஆட்டக்காரர்கள் ஏன் அவ்வளவு முக்கியம்? காற்பந்தில் ஒரு குழு வாரத்துக்கு ஓர் ஆட்டம், மிஞ்சினால் இரண்டு ஆட்டம் ஆடும். அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு இன்று 162 ஆட்டங்கள். ரிக்கியின் காலத்தில் 154. வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருக்கும். பந்தெறிபவர் ஓர் ஆட்டத்தில் நூறு முறை கையை வீசி எறிந்தால், அடுத்த நாள் அந்தக் கை தூக்க வராது. நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவருக்கு முழங்கால் தேயும், விரல் முறியும். இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை வெளியே எடுத்து மாற்றாளை இறக்கிவிட்டால், போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. ஆகவே பட்டியலில் கடைசிப் பெயருக்கு உரியவரும் ஏதோ ஒரு நாளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் இடத்தில் வந்து நிற்பார். மே மாதத்தில் முன்னணியில் இருப்பதற்கு நல்ல ஒன்பது பேர் போதும். செப்டம்பரில் மிஞ்சி நிற்க அது போதாது.

நமக்குத் தெரிந்த விளையாட்டில் சொல்வதானால், பழைய தோமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். 1949-இல் மலாயா முதலாவது தோமஸ் கிண்ணத்தை வென்றபோது ஒரு சந்திப்பில் ஐந்து ஒற்றையர், நான்கு இரட்டையர் என்று ஒன்பது ஆட்டங்கள் இருந்தன. வோங் பெங் சூன் என்ற ஒரே ஒரு மாவீரரை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து புள்ளிகளை எட்ட முடியாது. இறுதியில் டென்மார்க்கை 8-1 என்று மலாயா வீழ்த்தியது என்றால், வரிசையின் கடைசியில் நின்றவர்களும் தேறியவர்களாக இருந்தார்கள் என்று பொருள்.

ரிக்கி 1881 டிசம்பர் 20-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மெத்தடிஸ்ட் கிறிஸ்தவ நெறியில் ஊறிய வீடு. ஞாயிற்றுக்கிழமை விளையாடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். பிற்காலத்தில் குழுவை நிர்வகித்தபோதும் ஞாயிறன்று திடலுக்குப் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வசூலை மட்டும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லையே என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்ததும் உண்டு. இளம் வயதிலேயே கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை செய்தபடி இலத்தீன் மொழியைத் தானே கற்று, ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தார்.

அங்கே கல்லூரிக் குழுவுக்குப் பயிற்றுநராக இருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை ரிக்கி பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். குழுவில் சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். இந்தியானா மாநிலத்துக்கு ஆடப் போன இடத்தில் தங்கும் விடுதி அவருக்கு அறை தர மறுத்தது. ரிக்கி வாதாடி, தன் அறையிலேயே ஒரு மடக்குக் கட்டில் போட்டு அவரைத் தங்க வைத்தார். அன்றிரவு தாமஸ் தன் கைகளின் கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட முயல்பவரைப் போலத் தேய்த்துத் தேய்த்து அழுதாராம். இந்தக் கதையை ரிக்கி சற்று மெருகேற்றிச் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. அந்தப் பையன் இருந்ததும், அவனுக்கு அறை மறுக்கப்பட்டதும் உண்மை.

ஆட்டக்காரராக ரிக்கி பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பந்து பிடிப்பவராகச் சில பருவங்கள் பெரிய லீக்கில் ஆடினார். 1907 ஜூன் மாதம் நியூயார்க் குழுவுக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில், தோள் வலியோடு நின்ற அவரை ஏமாற்றி எதிரணியினர் 13 முறை அடுத்த தளத்துக்கு ஓடிவிட்டார்கள். இன்றுவரை பதிவேட்டில் இருக்கும் அவமானம் அது. எறிய முடியாத கையுடன் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பிறகு காசநோய் வந்தது. தேறி எழுந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வழக்கறிஞர் தொழில் ஓடவில்லை. 1913-இல் செயின்ட் லூயிஸ் நகரின் பிரவுன்ஸ் குழு அவரைப் பேஸ்பாலுக்கே திரும்ப இழுத்துக்கொண்டது. 1917-இல் அதே நகரின் இன்னொரு குழுவான கார்டினல்ஸுக்குத் தலைவரானார்.

கார்டினல்ஸ் அப்போது கடனில் மூழ்கிய குழு. விருந்தாளிகள் வந்தால் அலுவலகம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ரிக்கி தன் வீட்டுக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தார் என்பார்கள். வறுமையைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் சிறு நகரக் குழுக்கள் எல்லாம் தனித்தனியாக இயங்கின. அவை வளர்த்த நல்ல ஆட்டக்காரரைப் பெரிய குழுக்கள் விலைக்கு வாங்கும். ரிக்கிக்கு ஆளை எடைபோடும் கண் இருந்தது. ஒரு பையனைப் பார்த்த மாத்திரத்தில் அவன் தேறுவானா என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் ஒருவனை விலை கேட்டதும், ரிக்கியே கேட்கிறார் என்றால் பையன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நியூயார்க் போன்ற பணக்காரக் குழுக்கள் கூடுதல் விலை சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விடும்.

வாங்க முடியாதென்றால் விளைவிக்கலாம் என்று முடிவெடுத்தார் ரிக்கி. 1919-இலிருந்து ஃபோர்ட் ஸ்மித், ஹூஸ்டன், சிரக்யூஸ் ஆகிய நகரங்களின் சிறு குழுக்களில் பங்குகளை வாங்கத் தொடங்கினார். சாம் பிரேடன் குழுவின் உரிமையாளரானதும், பழைய திடலை விற்றுவிட்டு இன்னொரு குழுவின் திடலில் வாடகைக்கு ஆட ஏற்பாடு செய்தார். விற்ற நிலத்தில் பின்னர் ஓர் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. விற்ற பணம் இன்னும் பல சிறு குழுக்களாக மாறியது. இவற்றுக்குப் 'பண்ணைக் குழுக்கள்' என்று பெயர் வந்தது. முதலில் கேலியாகச் சொன்ன பெயர்தான்.

பண்ணை முறை படிக்கட்டு போன்றது. மேலே கார்டினல்ஸ். அதற்குக் கீழே இரட்டை ஏ, ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்த லீக்குகளில் அதன் கிளைக் குழுக்கள். ஊர் ஊராகத் தேர்வு முகாம் நடத்தி, பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களை நூற்றுக்கணக்கில் சேர்ப்பார்கள். கீழ்ப்படியில் ஆடவிட்டு, தேறியவரை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுவார்கள். எல்லாப் படியிலும் ஒரே பயிற்சி முறை. தளத்துக்குச் சறுக்கி விழுந்து சேர்வதைப் பழக மணல்குழி வெட்டுவது, பந்து எந்த உயரத்தில் போக வேண்டும் என்று காட்ட நூல் கட்டுவது, பந்தைக் குச்சியின் மேல் நிறுத்தி வைத்து அடித்துப் பழகுவது என்று ரிக்கி சொல்லிக்கொடுத்த வழிகள் பல. இதனால் மேலே ஒருவர் விழுந்தால், அவருடைய வேலையை ஏற்கெனவே கற்றிருந்த ஒருவர் கீழிருந்து வருவார். புதியவருக்குப் பாடம் எடுக்க நேரம் செலவாகாது. வெறும் எண்ணிக்கைக்கும் ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளிக் குழுவில் வேலியோரம் இருந்தவர்கள் எண்ணிக்கை மட்டுமே.

ஸ்டான் மியூசியலின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். போலந்து நாட்டிலிருந்து குடியேறிய ஒரு தொழிலாளியின் மகன். 1938-இல் 17 வயதில் மாதம் 65 டாலர் சம்பளத்துக்கு, கடைசிப் படியான டி தரக் குழுவில் பந்தெறிபவராகச் சேர்ந்தார். 1940-இல் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது விழுந்து தோள் கெட்டது. எறியும் கை போனால் பந்தெறிபவரின் பிழைப்பே போயிற்று. தனியாக இயங்கிய சிறு குழுவாக இருந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் பண்ணையில் வேறு வேலைக்கும் இடம் இருந்தது. பையன் மட்டையைப் பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் மட்டையாளராக மாற்றி சி தரத்தில் விட்டுப் பார்த்தார்கள். 1941-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் சி தரத்திலிருந்து இரட்டை ஏ-க்கும், அங்கிருந்து கார்டினல்ஸுக்கும் ஏறிவிட்டார். பின்னர் ஏழு முறை லீக்கின் சிறந்த மட்டையாளர் ஆனார். 3,630 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். அதில் சரிபாதி, 1,815, சொந்தத் திடலில், மற்றப் பாதி வெளியூரில். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதரிடம் அவ்வளவு சீரா!

ரிக்கிக்குப் பலன் உடனே வரவில்லை. 1919 முதல் திடலில் குழுவை நடத்தும் பொறுப்பையும் அவரே வைத்திருந்தார். 1925-இல் அதைப் பிடுங்கி நட்சத்திர ஆட்டக்காரர் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பியிடம் கொடுத்தார் உரிமையாளர். அடுத்த ஆண்டே கார்டினல்ஸ் தன் முதல் உலகத் தொடரை வென்றது. விதைத்தவர் ஒருவர், அறுவடையன்று மாலை போட்டுக்கொண்டவர் இன்னொருவர். அலுவலகத்தில் இருந்தபடி ரிக்கி பண்ணையைப் பெருக்கிக்கொண்டே போனார். 1926, 1928, 1930, 1931, 1934 என்று லீக் வெற்றிகள் வந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் சிறு லீக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலம் அது. பல சின்ன ஊர்களில் பேஸ்பால் உயிரோடு இருந்ததற்குப் பண்ணைக் குழுக்களும் ஒரு காரணம். 1930-களின் இறுதியில் 30-க்கும் மேற்பட்ட குழுக்கள், 600-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் ரிக்கியின் கையில் இருந்தார்கள்.

அந்த 600 பேரில் பெரிய லீக்கில் ஆடக்கூடியவர்கள் ஒரு நேரத்தில் 25 பேர்தான்.

மற்றவர்கள் காத்திருந்தார்கள். விட்டுப் போகவும் முடியாது. ஒருமுறை கையெழுத்திட்ட ஆட்டக்காரர் அந்தக் குழு விடுவிக்கும்வரை அதற்கே உரியவர் என்று அன்றைய ஒப்பந்த விதி சொன்னது. வேறு குழு கூடுதல் சம்பளம் தர முன்வந்தாலும் போகக்கூடாது. உனக்குப் பதிலாகப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய முதலாளியிடம் யார் சம்பள உயர்வு கேட்பது? 1934-இல் டிஸ்ஸி டீன், பால் டீன் என்ற பந்தெறியும் சகோதரர்கள் இருவரும் ஒரு காட்சி ஆட்டத்துக்குப் போக மறுத்தபோது, குழு அவர்களுக்கு அபராதம் விதித்து இடைநீக்கம் செய்தது. அவர்கள் இல்லாமலும் குழு ஆடியது. கடைசியில் பணிந்து திரும்பியவர்கள் சகோதரர்கள்தான். அந்த ஆண்டு டிஸ்ஸி டீன் 30 ஆட்டங்களை வென்று கொடுத்தார். உலகத் தொடரின் நான்கு வெற்றிகளும் இந்த இருவர் கையால் வந்தவை. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்த நிலை.

இங்கேதான் எனக்கு என் பாட்டியின் பேச்சு நினைவுக்கு வருகிறது. ரவாங்குக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் ஆள் எண்ணும்போதே யார் வரவில்லை என்று பார்த்து, அந்த நிரைக்கு வேறோர் ஆளைத் தண்டல் அனுப்பிவிடுவாராம். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் பால் இறங்குவது நிற்காது. படுத்தவருக்கு அன்றைய சம்பளம்தான் நிற்கும். அதற்கும் முந்தைய தலைமுறையில், தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணிக்கு, வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் காசு உண்டு. ஆள் பெருகினால் கங்காணிக்கு வருமானம். ஆள் மிகுந்திருந்தால் கூலி ஏறாது, அது துரைமாருக்கு ஆதாயம். ரிக்கிக்கும் சம்பளத்துக்கு மேல் ஓர் ஏற்பாடு இருந்தது: ஆட்டக்காரர்களை விற்று வரும் லாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு. தோட்டத் தொழிலாளியின் துன்பமும் பேஸ்பால் ஆட்டக்காரரின் துன்பமும் ஒரே அளவு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குப் போட்டவர்களின் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது.

பேஸ்பாலின் தலைமை ஆணையராக இருந்த நீதிபதி லாண்டிஸுக்கும் இது பிடிக்கவில்லை. ஒரே லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களை மறைமுகமாகக் கட்டுப்படுத்தி ஆட்களைப் பதுக்கி வைத்ததாகச் சொல்லி, 1938-இல் கார்டினல்ஸ் பண்ணையின் 70-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை அவர் விடுதலை செய்தார். இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதும் அதே 1938-இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆண்டு மட்டும் ஒன்று. விடுதலையானவர்களில் பீட் ரைசர் என்ற 19 வயது இளைஞரும் ஒருவர். புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. 1941-இல் லீக்கின் சிறந்த மட்டையாளர் பீட் ரைசர். அந்த ஆண்டு கார்டினல்ஸை இரண்டரை ஆட்ட இடைவெளியில் முந்தி லீக்கை வென்றது டாட்ஜர்ஸ். காத்திருப்போர் வரிசையில் முகம் தெரியாமல் நின்ற ஒருவரின் உண்மையான மதிப்பு, அவர் எதிரணிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஆட்டக்காரரின் கை சரியும் முன்பே அவரை விற்றுவிட வேண்டும் என்பது ரிக்கியின் கொள்கை. பின்னால் ஆள் இருக்கும் தைரியத்தில்தான் அப்படிச் செய்ய முடிந்தது. டிஸ்ஸி டீனின் கை கெட்ட பிறகும் 1938-இல் அவரை 1,85,000 டாலருக்கும் மூன்று ஆட்டக்காரர்களுக்கும் சிகாகோவிடம் விற்றார். 1941 முடிவில் தன் குழுவின் மிகப் பெரிய அடிகாரரான ஜானி மைசையும் விற்றார். ரசிகர்கள் கொதித்தார்கள். 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில் கார்டினல்ஸ் டாட்ஜர்ஸுக்குப் பின்னால் ஏறக்குறைய பத்து ஆட்டம் பின்தங்கி இருந்தது. அதன் பிறகு நடந்ததுதான் பண்ணை முறைக்குக் கிடைத்த பெரிய சான்று. மியூசியல் உட்பட, பெரும்பாலும் தன் பண்ணையிலேயே விளைந்த இளைஞர்களைக் கொண்ட அந்தக் குழு, மீதமிருந்த ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை வென்று, மொத்தம் 106 வெற்றிகளுடன் லீக்கைக் கைப்பற்றியது. உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை 4-1 என்று வீழ்த்தியது.

உரிமையாளருடன் கசப்பு முற்றி அந்தப் பருவத்தோடு ரிக்கி விலகினார். இரண்டாம் உலகப் போர் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஆட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். கார்டினல்ஸ் 1943-இலும் 1944-இலும் தலா 105 ஆட்டங்களை வென்றது. படைக்குப் போனவர்களின் இடத்தில் நிற்கப் பண்ணையில் இன்னும் ஆள் இருந்தார்கள், ரிக்கிதான் இல்லை.

அவர் புரூக்ளினுக்குப் போயிருந்தார், அதே டாட்ஜர்ஸுக்கு. போர் முடியும்வரை பையன்களைச் சேர்த்து என்ன பயன் என்று மற்றக் குழுக்கள் தேர்வு முகாம்களைக் குறைத்தபோது, ரிக்கி கூட்டினார். போர் ஒருநாள் முடியும், பையன்கள் திரும்பி வருவார்கள் என்பது அவர் கணக்கு. கில் ஹாட்ஜஸ், டியூக் ஸ்னைடர் போன்றவர்கள் அப்படிச் சேர்ந்தவர்கள்.

அடுத்த கணக்கு இன்னும் பெரியது. அமெரிக்காவில் நன்றாக ஆடக்கூடிய ஒரு பெரும் கூட்டத்தை, தோல் நிறத்தைக் காரணம் காட்டி, எல்லாப் பெரிய குழுக்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வெளியே நிறுத்தியிருந்தன. 1945 ஆகஸ்டில் ரிக்கி ஜாக்கி ராபின்சனை அழைத்து மூன்று மணி நேரம் பேசினார். வசைகளையும் அவமதிப்புகளையும் திருப்பி அடிக்காமல் தாங்க முடியுமா என்று, எதிரிகளைப் போல நடித்துக் காட்டியே சோதித்தார். நேராக மேலே ஏற்றவும் இல்லை. 1946 முழுவதும் பண்ணையின் மேல்படியான மாண்ட்ரியல் குழுவில் ஆடவிட்டார். அங்கே ராபின்சன் லீக்கின் சிறந்த மட்டையாளர் ஆனார். 1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸுக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். பின்னாலேயே ராய் காம்பனெல்லாவும் டான் நியூகோம்பும் வந்தார்கள். 1949-இலிருந்து 1956 வரை, இடையில் மூன்று ஆண்டுகள் தவிர, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது இந்த மூவருக்கே போனது.

ரிக்கி இதை மனச்சாட்சிக்காகச் செய்தாரா, வெற்றிக்காகவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டுக்காகவும் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவர் அவ்வளவு தூரம் துணிந்திருக்க மாட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ராபின்சன் அதுவரை ஆடிய கறுப்பினக் குழுவான கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு காசும் கொடுக்கவில்லை. தன் பண்ணையில் விளைந்த ஒவ்வொருவருக்கும் விலை வைத்தவர், அடுத்தவர் பண்ணையில் விளைந்தவரை இலவசமாக எடுத்துக்கொண்டார். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, கறுப்பினத்தவரின் லீக்குகள் சில ஆண்டுகளில் நலிந்தன.

1946-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது பேஸ்பால் வரலாற்றில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. இரு குழுக்கள் சமமான வெற்றிகளோடு முதலிடத்தில் நின்றன. ஒன்று ரிக்கி இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிய கார்டினல்ஸ். மற்றொன்று அவர் நான்கு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்த டாட்ஜர்ஸ். தீர்வு ஆட்டங்களில் பழைய குழுவே வென்றது. தன் கையால் வளர்த்தவர்களிடமே தோற்ற அன்று அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பாதி வருத்தம், பாதிப் பெருமிதம் என்றுதான் தோன்றுகிறது.

1950-இல் பங்குகளை விற்றுவிட்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவுக்குப் போனார். அங்கே அவருக்கு அடிதான். 1952-இல் பைரேட்ஸ் 42 ஆட்டங்களை வென்று 112-இல் தோற்றது. பண்ணையைப் புதிதாக உழும்போது முதல் சில ஆண்டுகள் களைதான் தெரியும். ஆட்களைப் பதுக்குவதைத் தடுக்க வந்த விதி ஒன்று இப்போது அவருக்கே உதவியது: பிற குழுக்கள் கீழ்ப்படியில் வைத்திருக்கும் குறிப்பிட்ட ஆட்டக்காரர்களை ஆண்டு முடிவில் எடுத்துக்கொள்ளலாம். 1954-இல் டாட்ஜர்ஸ் தன் மாண்ட்ரியல் குழுவில் ஒரு போர்ட்டோ ரிக்கோ இளைஞரை அதிகம் ஆடவிடாமல் ஒளித்து வைத்திருந்தது. பைரேட்ஸ் அவரைத் தூக்கியது. ராபர்ட்டோ கிளெமெண்டே என்ற அந்த இளைஞர் பின்னாளில் 3,000 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்த மாபெரும் ஆட்டக்காரர் ஆனார். 1960-இல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றபோது ரிக்கி பொறுப்பிலிருந்து விலகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த மனிதரின் வாழ்க்கையில் இது எத்தனையாவது தடவை!

1965 நவம்பர் 13 அன்று மிசூரி மாநிலத்தில் தனக்கு நடந்த பாராட்டு விழாவில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். நினைவு திரும்பாமல் டிசம்பர் 9-ஆம் நாள், 84-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னதாக, இறந்தார். 1967-இல் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஆட்டக்காரர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்த விதி 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பால் உடைந்தது. பெரிய லீக்கில் பல ஆண்டுகள் ஆடியவர்கள் வேறு குழுவுக்குப் போகும் உரிமை பெற்றார்கள். பண்ணை முறை மட்டும் இன்றும் இருக்கிறது. எல்லாக் குழுக்களும் ரிக்கியின் படிக்கட்டைத்தான் வைத்திருக்கின்றன. 2008-இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் அதே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் சேர்ந்த முதல் இந்தியர்கள் அவர்கள். கீழ்ப்படிகளில் ஆடினார்கள், இருவரும் பெரிய லீக்கை எட்டவில்லை.

படிக்கட்டில் காத்திருப்பவர்களுக்கு நெடுங்காலம் தொழிற்சங்கமே இருக்கவில்லை. 2022-இல்தான் சிறு லீக் ஆட்டக்காரர்கள் பெரிய லீக் ஆட்டக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் வந்த அவர்களுடைய முதல் கூட்டு ஒப்பந்தம், கடைசிப் படியில் ஆடுபவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராகவும், மேல்படியில் 17,500-இலிருந்து 35,800 டாலராகவும் உயர்த்தியது. ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் ஆடிய காலத்தில் இந்த உயர்வு வந்திருக்கவில்லை.